சங்கத்து மெயில் சர்வருக்கு எந்தப் பெயர்?

மெயில் சர்வர் மென்பொருள் எதை நிறுவினாலும் முதல் சில நிமிடங்களுக்குள் ஒரு கேள்வி வரும்: இந்த இயந்திரத்தின் முழு ஹோஸ்ட்நேம், அதாவது இணையத்தில் அதன் முழுப் பெயர், என்ன? நேர மண்டலம், டிஸ்க் அளவு, பாஸ்வேர்டு இவற்றையெல்லாம் பிறகு மாற்றிக்கொள்ளலாம். இந்தப் பெயரை மாற்றுவதுதான் பெரிய வேலை. டிஎன்எஸ் பதிவுகள் (ஒரு பெயர் எங்கே போக வேண்டும் என்று இணையத்துக்குச் சொல்பவை), ரிவர்ஸ் டிஎன்எஸ் (ஐபி எண்ணுக்கு என்ன பெயர் என்று சொல்வது), டிஎல்எஸ் சான்றிதழ் (இணைப்பைப் பாதுகாப்பது), உறுப்பினர்கள் கைப்பேசியில் பதிந்து வைத்திருக்கும் அமைப்பு என எல்லாமே அந்த ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஆகவே நிறுவலைத் தொடங்கும் முன்பே உட்கார்ந்து யோசிக்க வேண்டிய விஷயம் இது.

பினாங்கில் எனக்குத் தெரிந்த சங்கங்கள், கோயில் நிர்வாகக் குழுக்கள், லிட்டில் இந்தியாவிலுள்ள சில சின்னக் கடைகள் சொந்த மெயிலுக்கு வர விரும்புவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். ஆண்டுக் கூட்டத்தில் செயலாளர் மாறுகிறார். அவருடைய சொந்த ஜிமெயிலில் கிடந்த கடிதப் போக்குவரத்து அவரோடேயே போய்விடுகிறது. சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்பிய கடிதம், மண்டப வாடகை ரசீது, நன்கொடையாளர் முகவரி எதுவும் அடுத்தவர் கைக்கு வருவதில்லை. செயலாளர் என்ற பொறுப்பின் பெயரிலேயே ஒரு முகவரி இருந்து, அது சங்கத்தின் சொத்தாகவும் இருந்தால் இந்தச் சிக்கல் தீரும். நான் முழு மனதோடு ஆதரிக்கும் காரணம் இது. அந்த முகவரி பல ஆண்டுகள் நிற்க வேண்டுமானால் அடியிலுள்ள பெயர்கள் சரியாக அமைய வேண்டும்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கற்பனைப் பெயரை வைத்துக்கொள்வோம்: நம்சங்கம்.ஓஆர்ஜி.எம்ஒய். படிக்க வசதியாக இருக்கட்டும் என்று தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். சர்வரில் தட்டும்போது வழக்கமான ஆங்கில எழுத்துதான்.

மூன்று பெயர்கள் இருக்கின்றன

குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. மெயில் சர்வருக்கு ஒரே பெயர்தான் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் மூன்று பெயர்கள் வேலை செய்கின்றன.

முதலாவது, முகவரியில் @ குறிக்குப் பின்னால் வருவது. அழைப்பிதழிலும் லெட்டர்ஹெட்டிலும் ரசீதுப் புத்தகத்திலும் அச்சாகும் பெயர் இது. இரண்டாவது, இயந்திரத்தின் சொந்தப் பெயர். நம் சர்வர் வேறொரு சர்வரோடு போர்ட் 25இல் பேசத் தொடங்கும்போது, ஹெலோ என்ற கட்டளையோடு இந்தப் பெயரைச் சொல்லித்தான் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும். மூன்றாவது, உறுப்பினர்கள் தங்கள் கைப்பேசியிலோ அவுட்லுக்கிலோ ஐமேப் சர்வர் என்ற இடத்தில் தட்டும் பெயர்.

இவை மூன்றும் ஒன்றாகவே இருக்கலாம், மூன்றும் வெவ்வேறாகவும் இருக்கலாம். எது எவ்வளவு சுலபமாக மாறும் என்பதைப் பார்த்தால் முடிவு எடுப்பது எளிதாகும். முகவரிப் பெயர் கிட்டத்தட்ட மாறவே கூடாது. கைப்பேசிப் பெயரை மாற்றினால் ஒவ்வொரு உறுப்பினருக்கும் போன் போட்டுச் சொல்ல வேண்டும். வயதான உறுப்பினர் என்றால் நேரில் போய் மாற்றிக்கொடுக்க வேண்டியிருக்கும். இயந்திரத்தின் பெயர் மட்டும்தான் நிர்வாகி நினைத்தால் யாருக்கும் தெரியாமல் மாற்றக்கூடியது, மற்ற இரண்டோடு அதை ஒட்டிவைக்காமல் இருந்தால். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. பெயரிலிருந்து ஐபிக்குப் போகும் ஏ பதிவுகளை எத்தனை வேண்டுமானாலும் போடலாம். பத்து பெயர்கள் ஒரே ஐபியைக் காட்டலாம். ஐபியிலிருந்து பெயருக்குத் திரும்பும் பிடிஆர் பதிவு நடைமுறையில் ஒன்றுதான். நம் ஐசியில் (அடையாள அட்டையில்) ஒரு பெயர் மட்டும் இருப்பது மாதிரி. மெயிலை வாங்கும் சர்வர் நம் ஐபியை எடுத்து அதற்கு என்ன பெயர் என்று கேட்கும். வந்த பெயரை எடுத்து, அது எந்த ஐபியைக் காட்டுகிறது என்று மறுபடி கேட்கும். இரண்டும் பொருந்த வேண்டும். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுள் தனக்கு மெயில் அனுப்பும் எல்லோரிடமும் இதை எதிர்பார்க்கிறது. கூடவே எஸ்பிஎஃப் (டொமைன் பெயரில் எந்தச் சர்வர்கள் அனுப்பலாம் என்ற பட்டியல்) அல்லது டிகிம் (மடலில் இடும் மின்கையொப்பம்) இரண்டில் ஒன்றாவது வேண்டும், டிஎல்எஸ் வழியாக அனுப்ப வேண்டும். நாளுக்கு 5000 மடலுக்கு மேல் அனுப்புபவர்களுக்கு எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் (அவ்விரண்டும் தவறினால் மடலை என்ன செய்வது என்ற அறிவிப்பு) மூன்றுமே கட்டாயம். நம் சங்கம் அந்த எண்ணிக்கைக்குப் பக்கத்தில்கூடப் போகாது. இருந்தாலும் மூன்றையும் போட்டுவிடுவது நல்லது.

வெறும் டொமைனையே ஹோஸ்ட்நேமாக வைப்பது

முகவரியும் நம்சங்கம்.ஓஆர்ஜி.எம்ஒய், இயந்திரமும் நம்சங்கம்.ஓஆர்ஜி.எம்ஒய், கைப்பேசியில் தட்டுவதும் அதுவே. கேட்கும்போது இதைவிட எளிமையான ஏற்பாடு இல்லை என்று தோன்றும். இங்கே பார்க்கப்போகும் நான்கு வழிகளில் நான் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வது இதைத்தான்.

முதல் சிக்கல் இணையதளம். வெறும் டொமைனின் ஏ பதிவு சங்கத்தின் இணையதளத்தைக் காட்ட வேண்டும். தளம் பெரும்பாலும் வேறொரு நிறுவனத்தின் வாடகை ஹோஸ்டிங்கில் இருக்கும். அப்படியானால் நம் மெயில் சர்வரின் ஐபி நம்சங்கம்.ஓஆர்ஜி.எம்ஒய் என்று பெயர் சொல்லும். அந்தப் பெயரோ இணையதளத்தின் ஐபியைக் காட்டும். மேலே சொன்ன இருவழிச் சோதனை அங்கேயே தோற்றுவிடும். தளமும் மெயிலும் ஒரே இயந்திரத்தில் இருந்தால் இன்றைக்கு ஓடும். நாளைக்கு இளைஞர் பிரிவு தளத்தை வேறிடத்துக்கு மாற்றினால் மெயில் நின்றுவிடும், ஏன் நின்றது என்று யாருக்கும் புரியாது.

இரண்டாவது சிக்கல், மடல்களை அனுப்பி வாங்கும் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸில் இருக்கிறது. எம்ஒய் டொமைன்காரர்கள் இதைத் தெரிந்துகொள்வது மிக அவசியம். மைடொமைன் என்ற அமைப்பை நாம் எழுதாவிட்டால் போஸ்ட்ஃபிக்ஸ் அதைத் தானே கணக்கிட்டுக்கொள்ளும்: ஹோஸ்ட்நேமின் முதல் துண்டை வெட்டிவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொள்ளும். ஹோஸ்ட்நேம் மெயில்.நம்சங்கம்.ஓஆர்ஜி.எம்ஒய் என்றால் மிச்சம் நம்சங்கம்.ஓஆர்ஜி.எம்ஒய், சரி. ஹோஸ்ட்நேமே நம்சங்கம்.ஓஆர்ஜி.எம்ஒய் என்றால் மிச்சம் வெறும் ஓஆர்ஜி.எம்ஒய்! இயந்திரத்திலிருந்தே கிளம்பும் மடல்களின் டொமைனைத் தீர்மானிக்கும் மைஆரிஜினுக்கு மைடொமைனின் மதிப்பைக் கொடுங்கள் என்று பல வழிகாட்டிகளில் எழுதியிருப்பார்கள். அதையும் அப்படியே செய்தால் கிரான் வேலைகளின் (இயந்திரம் நேரப்படி தானே செய்யும் வேலைகளின்) மடல்கள் ரூட்@ஓஆர்ஜி.எம்ஒய் என்ற முகவரியிலிருந்து கிளம்பும். அது நாட்டின் டொமைன் பதிவகமான மைநிக்கின் கீழ் வரும் பெயர், நம்முடையதே இல்லை.

மூன்றாவதாக, மைடெஸ்டினேஷன் என்ற பட்டியலில் இயந்திரத்தின் பெயர் தானாகவே இடம்பெறும். அதன் பொருள்: இந்தப் பெயருக்கு வரும் மடல்கள் லினக்ஸ் பயனர்களுக்கானவை. சங்கத்தின் அஞ்சல் பெட்டிகளை நாம் வர்ச்சுவல் டொமைனாக (லினக்ஸ் பயனர் கணக்கு தேவைப்படாத பெட்டிகளாக) வைத்திருப்போம். ஒரே பெயர் இரண்டு பட்டியலிலும் இருந்தால் போஸ்ட்ஃபிக்ஸ் லாகில் எச்சரித்துக்கொண்டே இருக்கும். மடலோ லினக்ஸ் பயனராகத் தேடப்பட்டு, அப்படி ஒருவர் இல்லை என்று திரும்பிப் போகும். இதனால்தான் ஐரெட்மெயில் என்ற மெயில் சர்வர் தொகுப்பு, ஹோஸ்ட்நேமும் முதல் மெயில் டொமைனும் ஒன்றாக இருப்பதை ஏற்பதில்லை. அதுபோன்ற மெயில்கவ் தொகுப்பின் வழிகாட்டியிலும் முன்னொட்டோடு கூடிய முழுப் பெயரைத்தான் எடுத்துக்காட்டாகத் தந்திருப்பார்கள்.

மெயில் என்ற முன்னொட்டு

இயந்திரம் மெயில்.நம்சங்கம்.ஓஆர்ஜி.எம்ஒய். எம்எக்ஸ் பதிவு (டொமைனுக்கு வரும் மடலை எந்தச் சர்வர் வாங்கும் என்று சொல்வது), பிடிஆர், சான்றிதழ், கைப்பேசி எல்லாவற்றுக்கும் அதே பெயர். முகவரி மட்டும் வெறும் டொமைன். பெரும்பாலானோர் செய்வது இதுதான். ஒரே ஒரு சங்கம், ஒரே ஒரு சர்வர் என்றால் நானும் இதையே சொல்வேன். லெட்ஸ் என்கிரிப்ட்டில் ஒரே பெயருக்கு இலவசச் சான்றிதழ் வாங்கினால் போதும். அடுத்த நிர்வாகிக்குக் கணக்கை ஒப்படைக்கும்போது விளக்குவதும் சுலபம்.

இதன் குறை இடம் மாறும்போது தெரியும். பழைய சர்வரை விட்டுப் புதியதற்குப் போகும் வாரங்களில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓட வேண்டும். புதியது மெயில் என்ற பெயரை எடுத்துக்கொள்ள முடியாது, ஏனென்றால் அது இன்னும் பழையதிடம் இருக்கிறது. தற்காலிகமாக வேறொரு பெயர், வேறொரு பிடிஆர், பிறகு ஒரு நாள் இரவில் எல்லாவற்றையும் மாற்றிப்போடுவது என்று போகும். டிடிஎல் மதிப்பை (டிஎன்எஸ் பதிலை மற்றவர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்பதை) முன்கூட்டியே 300 நொடிக்குக் குறைத்து வைத்தால் சமாளிக்கலாம். சமாளிக்கக்கூடிய குறைதான் இது. ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை வரும் வேலைக்காகச் சின்னச் சங்கம் அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை.

இயந்திரத்துக்குத் தனிப் பெயர்

இதில் இயந்திரத்தின் பெயர் எம்எக்ஸ்1.நம்சங்கம்.ஓஆர்ஜி.எம்ஒய். எம்எக்ஸ் பதிவும் பிடிஆரும் ஹெலோவும் அதையே சொல்லும். உறுப்பினர்கள் தட்டுவது மட்டும் மெயில்.நம்சங்கம்.ஓஆர்ஜி.எம்ஒய். அந்தப் பெயர் இன்றைக்கு எம்எக்ஸ்1இன் ஐபியைக் காட்டுகிறது, நாளைக்கு வேறெதையும் காட்டலாம். சான்றிதழில் இரண்டு பெயர்களையும் சேர்த்துவிட வேண்டும்.

கூடுதல் வேலை என்று பார்த்தால் ஒரு டிஎன்எஸ் வரியும் சான்றிதழில் ஒரு பெயரும்தான். பலன் பெரிது. புதிய சர்வர் வரும்போது அதற்கு எம்எக்ஸ்2 என்று பெயர் வைத்து, பிடிஆர் போட்டு, நிதானமாகச் சோதித்துப் பார்த்து, எம்எக்ஸ் பட்டியலில் சேர்த்து, அப்புறம் மெயில் என்ற பெயரைத் திருப்பிவிட்டால் முடிந்தது. எந்த உறுப்பினரின் கைப்பேசியையும் தொட வேண்டாம். எஸ்பிஎஃப் பதிவில் எம்எக்ஸ் என்ற சொல்லைப் பயன்படுத்தியிருந்தால் புதிய இயந்திரமும் தானாகவே உள்ளே வந்துவிடும்.

இங்கே ஒரு விதியை மறக்கக் கூடாது. மெயில் என்ற கைப்பேசிப் பெயர் சிநேமாக (இன்னொரு பெயரைச் சுட்டும் மாற்றுப்பெயராக) இருக்கலாம். எம்எக்ஸ் பதிவு சுட்டும் பெயர் சிநேமாக இருக்கவே கூடாது. அதற்கு நேரடியாக ஏ பதிவு வேண்டும். 1997இல் வந்த இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 2181 இதைத் தெளிவாகவே சொல்கிறது. எம்எக்ஸை மெயில் என்ற சிநேமுக்குத் திருப்பிவிட்டு, ஒரு சில சர்வர்களிலிருந்து மட்டும் மடல் வரவில்லை என்று தேடிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பாதி வேலை செய்யும் தவறுகளைக் கண்டுபிடிப்பதுதான் கடினம்.

இயந்திரத்துக்கு என்ன பெயர் வைப்பது என்பதிலும் ஆளாளுக்கு ஆசை இருக்கும். பிறை1, ஜெலுத்தோங், தஞ்சோங் என்று நம் ஊர்ப் பெயர்களை வைப்பார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். சர்வர் சைபர்ஜெயாவுக்குப் போன பிறகும் பிறை1 என்றே இருப்பது அடுத்த நிர்வாகியைக் குழப்பும். எம்எக்ஸ்1 போல இடத்தைச் சொல்லாத பெயர் நல்லது. பெயருக்குள் ஐபி எண்களைக் கோத்து வைப்பது, டைனமிக், டிஎஸ்எல், பூல் போன்ற சொற்களைச் சேர்ப்பது இவற்றைத் தவிர்த்துவிடுங்கள். வீட்டு இணைப்பு மாதிரித் தோற்றம் தரும் பெயர்களுக்கு ஸ்பாம்அசாசின் போன்ற வடிகட்டிகள் புள்ளி ஏற்றும். அடிக்கோடும் கூடாது, ஹோஸ்ட்நேமில் எழுத்து, எண், இடைக்கோடு மட்டும்தான்.

பல சங்கங்கள், ஒரு சர்வர்

எங்கள் பக்கம் அடிக்கடி வரும் ஏற்பாடு இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒரு சங்கம், ஒரு தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம், ஒரு கோயில் குழு. மூன்றுக்கும் தனித்தனி டொமைன். செலவைப் பகிர்ந்துகொண்டு ஒரே விபிஎஸ்ஸில் (வாடகைக்குக் கிடைக்கும் மெய்நிகர் சர்வரில்) ஓட்ட வேண்டும். ஐபி ஒன்று, பிடிஆர் ஒன்று. யாருடைய பெயரை அதில் போடுவது?

பெரிய சங்கத்தின் பெயரைப் போடலாம். வேலை செய்யும். ஆனால் பள்ளியிலிருந்து போகும் ஒவ்வொரு மடலின் தலைப்புப் பகுதியிலும் சங்கத்தின் பெயர் இருக்கும். ஒருநாள் யாராவது அதைப் பார்த்துக் கேட்பார்கள்.

“அண்ணே, நம்ம ஸ்கூல் மெயிலுக்குள்ள சங்கத்துப் பேரு இருக்கே, ஏன்?”

“அது அனுப்புன சர்வரோட பேரு தம்பி. நம்ம முகவரி மாறல.”

அந்தத் தம்பி ஏற்றுக்கொள்வார். குழுக்கூட்டத்தில் இருக்கும் எல்லோரும் ஏற்றுக்கொள்வார்கள் என்று சொல்ல முடியாது. அந்தப் பெரிய சங்கமே பிறகு வேறு ஏற்பாட்டுக்குப் போனால் மற்ற இரண்டும் நடுத்தெருவில் நிற்கும். அதனால் இந்த நிலையில் என் பரிந்துரை, சர்வருக்கென்றே யாருடைய அடையாளமும் இல்லாத ஒரு டொமைன் வாங்குவது. நம்மெயில்.நெட் என்று வைத்துக்கொள்ளுங்கள். இயந்திரம் எம்எக்ஸ்1.நம்மெயில்.நெட். மூன்று டொமைன்களின் எம்எக்ஸும் அதையே சுட்டும். ஹெலோவும் பிடிஆரும் அதுவே.

இங்கே பலர் தயங்குவார்கள். அனுப்புநர் முகவரியில் இருக்கும் டொமைனும் சர்வரின் பெயரும் ஒன்றாக இல்லாவிட்டால் ஸ்பாமில் போய்விடாதா? போகாது. இருவழிச் சோதனை பார்ப்பது ஐபியும் ஹோஸ்ட்நேமும் தங்களுக்குள் பொருந்துகிறதா என்பதை மட்டும். முகவரியின் டொமைனைச் சோதிப்பது எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றின் வேலை. டிமார்க் முகவரியில் தெரியும் டொமைனை, எஸ்பிஎஃப் தேறிய உறைமுகவரியோடும் (சர்வர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் அனுப்புநர் முகவரி) டிகிம் கையொப்பத்தின் டொமைனோடும் ஒப்பிடுகிறது. ஹோஸ்ட்நேம் பக்கம் அது திரும்பியே பார்ப்பதில்லை. ஜிமெயிலையே பாருங்கள். ஜிமெயில்.காம் முகவரியிலிருந்து வரும் மடலை அனுப்பும் சர்வர்களின் பெயர் கூகுள்.காம் என்றுதான் முடியும்.

ஆகவே ஒவ்வொரு டொமைனுக்கும் தனி எஸ்பிஎஃப், தனி டிகிம் சாவி, தனி டிமார்க் பதிவு கட்டாயம். டிகிம் சாவி 2048 பிட் என்றால் ஒரே சரத்தில் அடங்காது; 255 எழுத்துக்கு ஒரு துண்டாக உடைத்துப் போட வேண்டும். சில டிஎன்எஸ் பலகைகள் (கட்டுப்பாட்டுப் பக்கங்கள்) தாமாகவே உடைத்துக்கொள்ளும், சிலவற்றில் நாம்தான் செய்ய வேண்டும்.

கைப்பேசிப் பெயருக்கு இரண்டு வழி. எல்லோரையும் மெயில்.நம்மெயில்.நெட் என்று தட்டச் சொல்லலாம். சான்றிதழ் வேலை ஒன்றோடு முடியும். ஒவ்வொரு டொமைனுக்கும் மெயில் என்ற முன்னொட்டோடு தனிப் பெயர் கொடுக்கலாம்; அப்போது ஒவ்வொன்றுக்கும் சான்றிதழ் வேண்டும். பெட்டிகளைக் கைப்பேசிக்குத் திறந்து காட்டும் மென்பொருளான டவ்காட் பெயருக்கேற்ற சான்றிதழைக் காட்டும், போஸ்ட்ஃபிக்ஸும் 2019இல் வந்த 3.4 பதிப்பிலிருந்து காட்டும். எனக்கு இரண்டாவது வழிதான் பிடிக்கும். பள்ளி என்றைக்காவது தனியே பிரிந்து போனால், தன் மெயில் என்ற பெயரைப் புதிய சர்வருக்குத் திருப்பிவிட்டுப் போகலாம். ஆசிரியர்கள் எதையும் மாற்ற வேண்டாம். கூட இருக்கும்போதே பிரிவதற்கும் வழி வைத்திருப்பது எல்லாத் தரப்புக்கும் நியாயம்.

இந்த வழிக்கும் விலை உண்டு. நம்மெயில்.நெட் புதுப்பிக்கப்படாமல் விட்டுப்போனால் மூன்று அமைப்புகளின் மெயிலும் ஒரே நாளில் நிற்கும். அந்த டொமைனை நிர்வாகி தன் சொந்தப் பெயரில் வாங்கினால், பழையபடி எல்லாம் ஒரு தனிமனிதரின் பெயரில்தான் நிற்கிறது. எதிலிருந்து தப்பிக்க இந்த ஏற்பாடே செய்தோமோ அதுவே திரும்ப வருகிறது. மூன்று அமைப்புகளில் ஒன்றின் பெயரில் பதிந்து, புதுப்பிக்கும் தேதியை மூன்று செயலாளர்களும் அறிந்திருக்க வேண்டும். இன்னொன்று, ஐபியின் நற்பெயரும் பகிரப்படுகிறது. தைப்பூசத்துக்கு முந்தின வாரம் கோயில் குழு பழைய பட்டியலில் உள்ள எல்லோருக்கும் ஒரே மூச்சில் அழைப்பு அனுப்பினால், புகார் வருவது மூவரின் ஐபி மேல்தான். கூட்டு மடல்களை வெளிச் சேவை வழியாக, செய்தி என்ற துணை டொமைனில் அனுப்பிவிடுவது நல்லது.

நிறுவனம் தானாகக் கொடுக்கும் பெயரை அப்படியே வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்கிறார்கள். விபிஎஸ் வாங்கினால் ஐபி எண்கள் கலந்த ஒரு பெயர் பிடிஆரில் ஏற்கெனவே இருக்கும். மேலே சொன்ன புள்ளிப் பிரச்சினை அதற்கும் உண்டு. வேண்டாம்.

வீட்டு இணைப்பா, விபிஎஸ்ஸா

பெயரை எவ்வளவு கவனமாகத் தேர்ந்தாலும் பிடிஆரை எழுதும் உரிமை ஐபியின் சொந்தக்காரரிடம்தான் இருக்கிறது. டொமைன் பலகையில் தேடினால் கிடைக்காது. சாதாரண வீட்டு பிராட்பேண்டில் ஐபி மாறிக்கொண்டே இருக்கும், பிடிஆரை மாற்ற வழி இராது, போர்ட் 25 அடைபட்டிருக்கவும் கூடும். அத்தகைய ஐபி வரம்புகள் ஸ்பாம்ஹாஸ் அமைப்பின் பிபிஎல் என்ற, நேரடியாக மெயில் அனுப்பக் கூடாத ஐபிகளின் பட்டியலில் இருப்பது வழக்கம். நிலையான ஐபியோடு வரும் வணிக இணைப்பு என்றால் எழுதிக்கேட்டு பிடிஆர் போட்டுக்கொள்ளலாம். ஜார்ஜ்டவுன் கடைவீட்டு மாடியில் இயந்திரத்தை வைக்க ஆசைப்படுபவர்கள் இதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள், இயந்திரத்தை அப்புறம் வாங்கலாம்.

விபிஎஸ் என்றால் பிடிஆர் பெரும்பாலும் பலகையிலேயே இருக்கும். ஆனால் ஏடபிள்யூஎஸ், கூகுள் கிளவுட், அஷூர் போன்ற பெரிய கிளவுட்கள் வெளியே போகும் போர்ட் 25ஐ முன்னிருப்பாகவே கட்டுப்படுத்துகின்றன. 2024 ஆகஸ்டில் ஏடபிள்யூஎஸ் மலேசியாவிலேயே தளம் திறந்தது. இயந்திரம் பக்கத்தில் வந்துவிட்டது என்பதற்காக இந்தக் கட்டுப்பாடு போய்விடவில்லை. வேறு வழியே இல்லாவிட்டால் வெளியே போகும் மடலை ஒரு ரிலே சேவை (நமக்காக மடலை அனுப்பித் தரும் சேவை) வழியாக அனுப்பலாம். அப்போது உலகம் பார்ப்பது ரிலேயின் ஐபியையும் பெயரையும்தான். ஹோஸ்ட்நேம் கவலை பாதியாகக் குறைந்துவிடும், உள்ளே வரும் மடலுக்கு மட்டும் எம்எக்ஸும் சான்றிதழும் சரியாக இருந்தால் போதும். இதைத் தோல்வி என்று யாரும் நினைக்க வேண்டாம். பெட்டிகளும் பழைய கடிதங்களும் சங்கத்திடமே இருக்கின்றன, அதுதான் முக்கியம்.

எந்த வால் நல்லது

முகவரிப் பெயரின் கடைசிப் பகுதிக்கு மூன்று தேர்வுகள்: ஓஆர்ஜி.எம்ஒய், வெறும் எம்ஒய், வெளிநாட்டு வால்கள். ஓஆர்ஜி.எம்ஒய் வாங்க அமைப்பின் பதிவுப் பத்திரம் காட்ட வேண்டும். அது தொல்லை போலத் தோன்றும்; எனக்கு அதுதான் அதன் பலம். டொமைன் தனி ஆளின் பெயரில் இல்லாமல் பதிவுபெற்ற சங்கத்தின் பெயரில் வருகிறது. 2008இலிருந்து நேரடியாக எம்ஒய் என்று முடியும் பெயர்களும் கிடைக்கின்றன. சின்னதாக இருக்கும், சொல்ல வசதி. இன்னும் பதிவு ஆகாத குழுவுக்கு அது பொருந்தும். சல்லிசாகக் கிடைக்கும் புதிய வால்களை மெயிலுக்குத் தொடாதீர்கள். ஸ்பாமர்கள் மொத்தமாக வாங்கிக் குவித்ததால், சில வால்களுக்கென்றே ஸ்பாம்அசாசினில் தனி விதி இருக்கிறது. முதல் ஆண்டில் மிச்சமாகும் சில ரிங்கிட்டுக்காக ஒவ்வொரு மடலையும் சந்தேகத்தோடு அனுப்ப வேண்டுமா?

எந்த வாலாக இருந்தாலும், பதிவுக் கணக்கின் தொடர்பு மின்னஞ்சலை அதே டொமைனில் வைக்காதீர்கள். டொமைன் காலாவதியானால் அதைப் பற்றிய எச்சரிக்கை வந்து சேர வேண்டிய பெட்டியும் கூடவே செத்துப்போகும்.

தமிழ் எழுத்திலேயே டொமைன் வைக்கலாமா என்று இளைஞர்கள் கேட்கும்போது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும். சிங்கப்பூர், இந்தியா, இலங்கை மூன்றுக்கும் தமிழ் எழுத்தில் நாட்டு வால்கள் உண்டு; மலேசியாவுக்கு ஜாவி எழுத்தில்தான் இருக்கிறது. முகவரியின் முன்பகுதியும் தமிழில் இருக்க வழிசெய்யும் தரம் 2012இல் வந்தது. ஜிமெயில் 2014இலேயே அப்படிப்பட்ட முகவரிகளோடு பேசத் தொடங்கியது. போஸ்ட்ஃபிக்ஸ் 2015இல் வந்த 3.0 பதிப்பில் சேர்த்தது. வாங்கும் சர்வருக்கு இது தெரியாவிட்டால் மடல் திரும்பி வந்துவிடும் என்பதே தடை. ஆகவே ஆங்கில எழுத்து முகவரியை முதன்மையாக வைத்துக்கொண்டு, தமிழ் முகவரியை அதே பெட்டிக்கு இன்னொரு பெயராகச் சேருங்கள். ஹோஸ்ட்நேமும் பிடிஆரும் ஆங்கில எழுத்திலேயே இருக்கட்டும். தமிழ் முகவரிகள் புழங்கினால்தான் மற்ற சர்வர்களும் மாறும், அதனால் சேர்ப்பதை நான் ஊக்குவிக்கவே செய்வேன்.

கடைசியில் எதைத் தேர்வது

ஒரே சங்கம், தொழில்நுட்பம் தெரிந்தவர் ஒருவர்தான் என்றால் மெயில் என்ற முன்னொட்டு போதும். ஒரே சங்கம்தான், ஆனால் பார்த்துக்கொள்ள இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள், சர்வரும் மாறக்கூடும் என்றால் எம்எக்ஸ்1 வழி. ஒன்றுக்கு மேற்பட்ட அமைப்பு என்றால் தயங்காமல் தனி டொமைன். நான் புதிதாக எதைத் தொடங்கினாலும் எம்எக்ஸ்1 வழியில்தான் தொடங்குகிறேன். பிறகு தனி டொமைனுக்கு நகர்வதும் அதிலிருந்து சுலபம்.

எதைத் தேர்ந்தாலும் சில சின்ன வேலைகள் உண்டு. ஹோஸ்ட்நேமுக்கென்றே ஓர் எஸ்பிஎஃப் பதிவு போடுங்கள். திரும்பி வரும் அறிவிப்பு மடல்களில் அனுப்புநர் உறை காலியாக இருக்கும். அப்போது எஸ்பிஎஃப் சோதிக்கப்படுவது ஹெலோ பெயரை வைத்துத்தான். டெபியன், உபுண்டு சர்வர்களில் ஹோஸ்ட்ஸ் கோப்பின் 127.0.1.1 வரியில் முழுப் பெயர் முதலிலும் குறும்பெயர் அடுத்ததாகவும் இருக்க வேண்டும். ஐபிவி6க்கும் பிடிஆர் வேண்டும். போட முடியாவிட்டால் போஸ்ட்ஃபிக்ஸை ஐபிவி4இல் மட்டும் பேசச் சொல்லிவிடுங்கள். சர்வர் ஒரு நாள் விழுந்தாலும் பதற வேண்டாம், அனுப்பும் சர்வர்கள் வழக்கமாக நான்கைந்து நாள் திரும்பத் திரும்ப முயலும். அதனால் சின்னச் சங்கத்துக்கு இரண்டாவது எம்எக்ஸ் சர்வர் அவசியமில்லை.

வேலைகளின் வரிசையும் முக்கியம். பெயரை முடிவு செய்ததும் முதலில் ஏ பதிவைப் போடுங்கள், உடனே பிடிஆருக்கு விண்ணப்பியுங்கள். இணைய நிறுவனத்திடம் எழுதிக்கேட்க வேண்டியிருந்தால் பதில் வர நாளாகும், அது வரும்வரை மென்பொருளை நிறுவிக்கொண்டிருக்கலாம். டிஎன்எஸ்ஸிடம் கேட்கும் டிக் கட்டளையில் ஐபியைக் கொடுத்தால் பெயரும், பெயரைக் கொடுத்தால் அதே ஐபியும் வர வேண்டும். இரண்டும் வந்த பிறகு எம்எக்ஸைத் திருப்புங்கள்.